மழைக்காலத்துப் பெட்ரோல்

டாக்டரம்மாவின் கார் கோடையில் குடிக்கும் பெட்ரோல் வேறு, மழையில் குடிக்கும் பெட்ரோல் வேறு. இதை முதலில் கவனித்தவர் டாக்டரம்மாதான். ஆனால் அவருடைய சந்தேகம் காரின் மேல் போகவில்லை. பெட்ரோல் போட்டவர் மேல் போனது.

நான் அவரிடம் நர்சாகச் சேர்ந்த புதிது. யுத்தம் வருவதற்கு முந்தைய காலம். மைசூரில் அப்போது பெண் டாக்டர்களே சிலர்தான். அவர்களில் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். மேல்கோட்டை ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். சின்ன வயதிலேயே கணவன் போய்விட, தகப்பனார் ஊர்ப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மதராஸுக்கு அனுப்பிப் படிக்கவைத்தாராம். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அந்தச் சின்னக் காரை வாங்கியிருந்தார். மேலே கித்தான் கூரை, பக்கங்களில் பொத்தான் வைத்த திரை. வெள்ளைப் புடவையும் மூக்கில் சறுக்கி இறங்கும் கண்ணாடியுமாக அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனால் கடைத்தெருவில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள்.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். நர்ஸ் படிப்பு முடிந்ததும் நான் பெரிய ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடுவேன் என்று அம்மா எதிர்பார்த்தாள். நானோ கார் ஆசையில் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். அதுதான் உண்மை. சேவை, தியாகம் என்றெல்லாம் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமைதோறும் நஞ்சன்கூட்டுக்குப் போவோம். அங்கே ஒரு தானிய மண்டியின் முன்னறையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அதற்குத் தெற்கே கரிசல் மண்ணில் கிடக்கும் இரண்டு மூன்று கிராமங்களுக்கும் போய்த் திரும்புவோம். காரைக் கிளப்புவது என் வேலை. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கைப்பிடி திருப்பி உதைக்கும்போது விரல் முறிந்துபோகும். கோடையில் இரண்டு சுற்றில் உறுமிக் கிளம்பிவிடும். மார்கழிக் காலையில் தோள் கழன்றுபோகும் அளவுக்குச் சுற்ற வேண்டும்.

பெட்ரோல் போடும் இடத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. நெம்புகோலை அடித்தால் மேலே உள்ள கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏறும். பிறகு ரப்பர்க் குழாய் வழியாகக் காருக்குள் இறங்கும். அதை நடத்தியவர் தமிழர்தான். இரண்டு தலைமுறையாக மைசூரில் இருக்கிறவர். ஒரு ஐப்பசி மாதம் டாக்டரம்மா காரை அவர் முன்னால் நிறுத்தி இறங்கினார்.

“ஏன்யா, சித்திரையில இதே அளவு போட்டேன். ரெண்டு நடை போயிட்டு வந்தேன். இப்போ ஒரு நடை போயிட்டுத் திரும்பறதுக்குள்ள, டாங்கில குச்சியை விட்டுப் பார்த்தா நுனியிலதான் ஈரம் இருக்கு. என்ன பண்றேள் நீங்க?”

“அம்மாவ்ரே, சாமி சத்தியமா ஒண்ணும் பண்ணல. குடுவை கண்ணாடி. நீங்க பாத்துக்கிட்டேதானே நிக்கிறீங்க?”

“கண்ணாடி சரி. அதுல போட்டிருக்கற கோடு சரியா?”

இப்படிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். மருந்து கலக்கும் அளவுக் குடுவையை எடுக்கச் சொன்னார். நடுரோட்டில், சுற்றிலும் கூட்டம் நிற்க, மருந்தை அளப்பதுபோலக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப்பிடித்து அவர் பெட்ரோலை அளந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அளவு சரியாக இருந்தது. சொல்லப்போனால் ஒரு சொட்டு கூடுதலாகவே இருந்தது.

டாக்டரம்மா குடுவையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். “தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்கோ” என்றார். அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. “அய்யோ, அதெல்லாம் எதுக்கு அம்மாவ்ரே” என்று சொல்லிக்கொண்டே, கேட்காமலேயே காரின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச தூரம் போனபின் டாக்டரம்மா கேட்டார்: “அப்போ யாருடி குடிக்கறா?”

அன்றிலிருந்து அவர் காரை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார். காரணம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. குளிர்காலையில் எஞ்சின் சூடேறும்வரை சோக் என்ற குமிழை இழுத்துவைக்க வேண்டும். அது இழுபட்டிருக்கும் நேரமெல்லாம் பெட்ரோல் அள்ளிக்கொண்டு போகும். அவரோ காரைக் கிளப்பச் சொல்லிவிட்டு உள்ளே நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார். ஆடியில் எதிர்க்காற்று. மழையில் சேறு. கரிசல் மண் ஈரமானால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. கார் முதல் கியரில் அலறும். பக்கத்தில் மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போகும். அத்தனை அலறலும் பெட்ரோல்தான்.

அப்போது இது எங்களுக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். பெட்ரோல் விலை குறைவு என்று சொல்லமாட்டேன். ஒரு கேலன் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி வாங்கிவிடலாம். ஆனால் மைசூரில் பெரிய வீட்டுப் பிரசவங்கள் டாக்டரம்மாவைத் தேடி வந்தன. கிராமத்தில் அவர் பீஸ் வாங்குவதில்லை. “பெரிய ஆத்துக் காசெல்லாம் கரிசல்ல கரையறது, போகட்டும்” என்று சிரிப்பார்.

யுத்தம் வந்தபின் சிரிப்பு நின்றது. விலை ஏறியதோடு பெட்ரோலுக்குக் கூப்பனும் வந்தது. காசு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டு கிடைக்காது. ஊரில் பாதிக் கார்கள் செங்கல் அடுக்கின் மேல் ஏறி நின்றன. பஸ்களின் முதுகில் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி எரிக்கும் பெரிய உருளை முளைத்தது. மேடு வந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். டாக்டர் என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் எல்லா மாதமும் ஒரே அளவு. அதுதான் கஷ்டம். டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கூப்பன் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

“டாக்டர்னு எக்ஸ்ட்ரா கொடுத்திருக்கே அம்மா. எல்லா மாசமும் மாசம்தானே? ஏனு மாடோது, என்ன பண்றது, ரூல்ஸ்.”

“உங்களுக்கு மாசமெல்லாம் ஒண்ணு. என் காருக்கு இல்லையே. பங்குனியில மிச்சம் பிடிச்சு ஐப்பசிக்கு வெச்சுக்கறேன். அதுக்காவது விடுங்கோ.”

“அந்த மாசத்துக் கூப்பன் அந்த மாசத்தோட சரி அம்மா.”

“பங்குனியில பிள்ளையெல்லாம் பெத்துக்கோ, ஐப்பசியில பெத்துக்காதேன்னு ஒரு போர்டும் போட்டுடுங்களேன்.”

குமாஸ்தா பாவம், சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவைத் துடைத்தார். அவர் மேல் தப்பில்லை. டாக்டரம்மாவுக்கும் அது தெரியும். வெளியே வந்ததும், “அந்த மனுஷனைப் போய்க் கேட்டு என்ன ஆறது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த சிக்கனமெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. காபியை முடித்துவிட்டு வந்துதான் காரைக் கிளப்பச் சொன்னார். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் ரோட்டில் இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிடுவார். கார் சத்தமில்லாமல் உருண்டுகொண்டு போகும். குருவிச் சத்தம்கூடக் கேட்கும். திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம் என்பதுதான் சங்கடம். காற்றுக்குக் கூரை தடையோ என்று ஒரு நாள் அதை மடக்கிப் பார்த்தோம். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம். பின்சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்தோம். பளுவைக் குறைப்பதற்காக மருந்துப் பெட்டியில் கண்ணாடிப் புட்டிகளுக்குப் பதில் காகிதப் பொட்டலம் வந்தது. ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீ கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டியோ?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நஞ்சன்கூடு வரும்வரை அவரோடு பேசவில்லை. மண்டி வாசலில் இறங்கும்போது, “இவ்வளவு கோபத்தையும் சேர்த்து இழுத்துண்டு வந்திருக்கே பாவம், இந்தக் கார்” என்றார். அதற்குமேல் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் வெயில் ஏறியபின்தான் கிளம்பினோம். ஆனால் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையிலேயே வந்து காத்திருப்பவர்களுக்கு எங்கள் சோக்கும் சூடும் எப்படித் தெரியும்? ஒரு தாய், காய்ச்சல் குழந்தையோடு மண்டி வாசலில் பனியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததற்கு அடுத்த வாரமே டாக்டரம்மா பழையபடி விடிகாலையில் கிளம்பிவிட்டார். பெட்ரோல் போனால் போகட்டும் என்றார். அதனால் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை போகவே முடியவில்லை. இப்படி ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறைந்தது.

இந்த நிலையில்தான் ஒரு பெண் எங்களிடம் வந்தாள். கரிசல் கிராமம் ஒன்றில் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து நிலம் வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பம். பருத்தியும் சோளமும் போடுகிறவர்கள். அவள் அந்த வீட்டு மருமகள். கிட்டத்தட்ட என் வயது. முதல் இரண்டு பிள்ளைகளும் பிரசவத்திலேயே தவறிவிட்டன. மூன்றாவது ஐப்பசியில் என்று கணக்கு. மாமியார்தான் அவளை மண்டிக்கு அழைத்துவந்தார். நெட்டையான அம்மா, குரல் கொஞ்சம் கரகரப்பு.

“இந்தத் தடவையாச்சும் காப்பாத்திக் குடுங்க அம்மிணி. இவ ராத்திரியில தூக்கத்துல தொட்டிலாட்டறாளுங்க. வெறும் கைய ஆட்டறா. நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரி படுத்துக்குவனுங்க.”

டாக்டரம்மா அந்தப் பெண்ணின் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “நான் வரேன், பயப்படாதே” என்று வாக்குக் கொடுத்தார். மண்டியை விட்டு வந்ததும் முகம் மாறிவிட்டது. “குழந்தை மேலே தலை, கீழே கால்னு உக்காந்திருக்கு. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்கறா. ரெண்டு தடவையும் இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார். மைசூர் ஆஸ்பத்திரி என்றாலே உயிரோடு திரும்பாத இடம் என்று அந்த வீட்டில் ஒரு பயம். அந்தப் பெண்ணின் தாய் அங்கேதான் இறந்திருக்கிறாள். அதைக் கேட்டபின் வற்புறுத்த மனம் வரவில்லை.

ஐப்பசி வந்தது. அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. கையில் இருந்த கூப்பனை வைத்துக்கொண்டு இரண்டு முறை கரிசலுக்குப் போய்வர வழியில்லை. டாக்டரம்மா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

“நீ முன்னாடியே ரயில்ல போயிடு. அவாத்துலயே தங்கிக்கோ. வலி எடுத்ததும் நஞ்சன்கூட்டுலேர்ந்து தந்தி அடிக்கச் சொல்லு. ஒரே நடை. அதுக்கு வேண்டிய பெட்ரோலைத் தொடாம வெச்சிருக்கேன்.”

“நான் மட்டுமா டாக்டரம்மா?”

“நீ இல்லாம வேற யாருடி இருக்கா எனக்கு?”

அம்மா அழுதாள். அப்பா ஜெபம் செய்து அனுப்பினார். ரயிலில் நஞ்சன்கூடு, அங்கிருந்து மழையில் நனைந்த கூண்டு வண்டி. அந்தப் பெண்ணின் கணவன் வந்து அழைத்துப்போனார். அதிகம் பேசாதவர். வழியெல்லாம் மாட்டிடம்தான் பேசிக்கொண்டு வந்தார்.

மாமியார் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “வேதக்காரப் புள்ளையா நீயி?” என்பதுதான். ஆமாம், கிறிஸ்தவப் பெண்தான் என்றேன். அவர் விதைத் தானியம் வைத்திருந்த அறையைப் பெருக்கிக் கொடுத்தார். எனக்கென்று ஒரு தம்ளரும் தட்டும் தனியாக வந்தன. அவற்றை நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மனதில் சுருக்கென்றது. ஆனால் ராகிக் களியையும் கீரைக் குழம்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரும் அதே அம்மாதான். “பட்டணத்துக் குடலுக்குக் களி எறங்குதா?” என்பார். இறங்கவில்லை. இறங்குகிறது என்று சொல்லி விழுங்கினேன்.

மருமகள் பகலெல்லாம் என் அறை வாசலிலேயே இருந்தாள். மைசூர் தசராவைப் பற்றிக் கேட்பாள். கார் ஓடும்போது வயிற்றுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்பாள். குழந்தையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒரு நாள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, “உதைக்குதுங்களா? எனக்கு மட்டுந்தான் தெரியுதோன்னு பயமா இருக்குதுங்க” என்றாள். உதைக்கிறது, நன்றாகவே உதைக்கிறது என்றேன். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் பொழுது விடியும்போது வலி எடுத்தது. கணவன் சைக்கிளை எடுத்துக்கொண்டார்.

“இப்பவே போய்த் தந்தி குடுத்துட்டு வந்தர்றனுங்க நர்சம்மா” என்று சொன்னவர், வாசலில் நின்று ஒருதரம் உள்ளே பார்த்துவிட்டுப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிள் பாதி வழி அவரைச் சுமந்திருக்கும், பாதி வழி அவர் சைக்கிளைச் சுமந்திருப்பார்.

மதியம் வரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் சத்தம் கேட்கவில்லை. பிறகு பார்க்க நேரமில்லாமல் போயிற்று. குழந்தையின் கால் வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் பிரசவத்தைப் பார்த்திருக்கிறேன். டாக்டரம்மாவின் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தனியாகச் செய்ததில்லை. டாக்டரம்மா எப்போதும் சொல்லும் ஒன்று மட்டும் நினைவில் நின்றது: இழுக்காதே. இழுக்க வேண்டும் என்று கை துடித்தது. மாமியார் மருமகளின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இழு அம்மிணி, இழு!” என்று கத்தினார்.

“இழுக்கக் கூடாதும்மா. தானா வரணும்.”

“போனதுக்கெல்லாம் மருத்துவச்சி இழுத்தாளே…” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. மருமகளின் நெற்றியில் தன் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டார்.

உடம்பு வந்தது. சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு, தன் பாரத்திலேயே தொங்கவிட்டேன். பின்கழுத்து தெரிந்ததும் கால்களைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினேன். தலையும் வந்துவிட்டது. பெண் குழந்தை. அழவில்லை. நீலமாக இருந்தது. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், என் வாயால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு ஊதினேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அது வீறிட்டது. மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அதோடு முடியவில்லை. நஞ்சுக்கொடி வரவில்லை. ரத்தம் நிற்கவில்லை. வயிற்றைத் தேய்த்தேன், கொண்டுபோயிருந்த ஊசியைப் போட்டேன். கொஞ்சம் குறைந்தது, மறுபடியும் பெருகியது. அந்தப் பெண்ணின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. “எனக்குக் குளுருதுங்க” என்றாள். இதற்குமேல் என் கைக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. நான் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜெபம்கூட முழுதாக வரவில்லை.

அப்போதுதான் வெளியே மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் கேட்டது. கூடவே தெருப்பிள்ளைகளின் கூச்சல். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “மாடு கட்டிக் காரு வருதுங்க!” என்றார்.

நான் எழுந்து பார்க்க முடியவில்லை. மற்றவர்கள் சொன்னதுதான். இரண்டு ஜோடி உழவு மாடுகள் காரை இழுத்துக்கொண்டு வந்தன. அந்தப் பெண்ணின் கணவன் முன்னால் நடந்து ஓட்டினார். உள்ளே டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வந்தார். முழங்கால்வரை சேறு. உள்ளே வந்ததும் கையைக் கழுவினார். என் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். உள்ளே கைவிட்டு நஞ்சுக்கொடியைப் பிரித்து எடுத்தார். அந்தப் பெண் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு ரத்தம் நின்றது. மெல்ல மெல்ல நின்றது, ஆனால் நின்றுவிட்டது.

நாடி தேறும்வரை டாக்டரம்மா அவள் மணிக்கட்டை விடவில்லை. அப்புறம்தான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். “காபி இருக்குமா?” என்று கேட்டார். அந்த வீட்டில் காபி கிடையாது. மாமியார் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சியைச் சுடச்சுடக் கொண்டுவந்து, தயங்கிக்கொண்டே நீட்டினார். வெளியே எங்கு போனாலும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொடாதவர் டாக்டரம்மா. வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். மாமியார் எனக்கும் ஊற்றினார். எனக்கென்று வைத்த தம்ளரைத் தேடவில்லை. கையில் கிடைத்ததில் ஊற்றிக் கொடுத்தார்.

நடந்ததை அப்போதுதான் டாக்டரம்மா சொன்னார். இதற்கென்று வைத்திருந்த பெட்ரோலில் பாதி, இரண்டு நாள் முன்னால் தீர்ந்துவிட்டது. மைசூருக்கு வெளியே ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறியது. போகாமல் இருக்க முடியவில்லை.

“நீயா இருந்தா போகாம இருந்திருப்பியா?” என்று என்னைக் கேட்டார்.

தந்தி வந்தபோது ரயில் இல்லை, மாலைதான் அடுத்தது. பெட்ரோல் போடுகிறவரிடம் போய் நின்றாராம். கூப்பன் இல்லாமல் போட்டால் அவருக்கு லைசென்சே போய்விடும். அவர் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ரப்பர்க் குழாயை மேலிருந்து கீழ்வரை தூக்கிப்பிடித்து, அதன் வயிற்றில் தங்கியிருந்ததையெல்லாம் காருக்குள் வடித்துவிட்டார். “இது கணக்குல இல்லாதது அம்மாவ்ரே, போங்க” என்றாராம். இறக்கமெல்லாம் எஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டே நஞ்சன்கூட்டைத் தாண்டிவிட்டார். ரோட்டை விட்டுக் கரிசலில் இறங்கியதும் கார் அலற ஆரம்பித்தது. கிராமத்துக் கோயில் மரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. தந்தி கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணின் கணவன் பின்னாலேயே வந்து சேர்ந்தார். சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு, பக்கத்து வயல்காரர்களின் மாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“‘நடந்துடறேன்’னேன். ‘பொட்டியோட நீங்க இந்தச் சேத்துல நடந்தா பொழுது போயிருமுங்க, உக்காருங்க’ன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் நாங்கள் இருவரும் வண்டியிலும் ரயிலிலுமாக மைசூர் திரும்பினோம். கார் அடுத்த மாதக் கூப்பன் வரும்வரை அவர்கள் மாட்டுக்கொட்டகையில் நின்றது. அதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்களாம். கன்றுக்குட்டியை முன்பம்பரில் கட்டியிருந்தார்கள். நாங்கள் கேனில் பெட்ரோல் கொண்டுபோனபோது கித்தான் கூரையின் ஒரு மூலையை அது மென்று தின்றிருந்தது.

பிரசவத்துக்கு மறுநாள் ரயிலில் திரும்பும்போது டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். எனக்கு அவரைத் தெரியும்; கார் ஓட்டுவது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்றும் தெரியும். அதனால் அவர் அதைச் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“மழைக்காலத்துல இந்தக் காரை நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாதுடி. நான் அவாகிட்டப் போறதுக்குப் பதிலா, அவா ஸ்டேஷன் பக்கத்துல வந்து இருக்கட்டும். நஞ்சன்கூட்டுல ரெண்டு ரூம் பார்க்கலாம். நீ இருப்பியா?”

இருக்கிறேன் என்றேன். களி இறங்கவில்லை என்ற உண்மையைச் சொல்லியாவது மைசூரிலேயே இருந்திருக்கலாம். தோன்றவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. பங்குனி சித்திரையில், கார் குறைவாகக் குடிக்கும் மாதங்களில், கூப்பன் அனுமதிக்கும் அளவுக்கு ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவைப்போம். ஆவணி முதல் கார்த்திகை வரை கார் மைசூரில் ஓய்வெடுக்கும். நான் நஞ்சன்கூட்டில் அந்த இரண்டு அறைகளில் இருப்பேன். டாக்டரம்மா ரயிலில் வந்து போவார். மைசூர் ஆஸ்பத்திரி என்றால் நடுங்குகிறவர்கள்கூட நஞ்சன்கூட்டுக்கு வரச் சம்மதித்தார்கள். கோயில் ஊர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த மாமியார்.

முதல் வருஷ மழை தொடங்கியபோது அவர் வண்டியில் வந்து இறங்கினார். ஒரு மூட்டை ராகி. கூடவே அவர் ஊரைச் சேர்ந்த இரண்டு கர்ப்பிணிகள். பேத்தி மருமகளிடம் பத்திரமாக இருக்கிறாள் என்றார். அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுப்பு தப்பான மூலையில் இருக்கிறது என்று முதல் வேலையாக அதை மாற்றினார்.

“இவளுக பயந்துக்கிட்டு வரமாட்டேன்னாளுக. நானும் வரேன் வாங்கடின்னு இழுத்துட்டு வந்தனுங்க. வெதைச்சாச்சு, ஊட்டுல எனக்கு என்ன வேலை? மழை விடற வரைக்கும் இங்கதான் இருப்பன்.”

இருந்தார். சமையல் அவருடையது. பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பது என்பதில் அவருக்கும் டாக்டரம்மாவுக்கும் ரயில் வரும் நாளெல்லாம் வாக்குவாதம். டாக்டரம்மா பாலும் முட்டையும் என்பார், தான் முட்டையைத் தொடமாட்டார் என்றாலும். இவர் கருப்பட்டியும் பூண்டும் என்பார். கடைசியில் நான்கும் தயாராகும். வலியில் கத்துகிறவளின் தோளைப் பிடித்துக்கொள்வது அவர்தான். “ஒண்ணும் ஆகாது கண்ணு, நர்சம்மா இழுக்கமாட்டா” என்பார்.

யுத்தம் முடிந்து சில காலத்துக்குப் பிறகு கூப்பனும் போயிற்று. காசு கொடுத்தால் வேண்டிய பெட்ரோல் கிடைத்தது. டாக்டரம்மா அன்றே குச்சி நனையும் அளவுக்கு முழுக்கப் போட்டுக்கொண்டு, காரணமே இல்லாமல் மைசூரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். கூரையை மடக்கிவிட்டிருந்தார். ஆனால் மழைக்காலத்தில் ரயிலில்தான் வந்தார். யாராவது கேட்டால், காருக்கு வயதாகிவிட்டது என்பார்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த குழந்தை ஒரு ஐப்பசியில் எங்கள் நஞ்சன்கூட்டு அறையில் பிறந்தது. இந்தத் தடவை தலைதான் முதலில் வந்தது. டாக்டரம்மாவின் ரயில் இன்னும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மாமியார் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எனக்கு இங்க என்னடி வேலை?” என்று கேட்டுவிட்டு, அடுப்பங்கரைப் பக்கம் போய் ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.